தொட்டியில் சோயா: நுண்ணூட்டம் எங்கே கைகொடுத்தது, எங்கே கெடுத்தது

சோயா பீன்ஸுக்கு நுண்ணூட்டம் (துத்தநாகம், போரான் போல மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்து) போட்டால் காய் கூடுமா? குறைவது எதுவோ அதைக் கொடுத்தால் கூடும். குறையாததைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அது போரானாக இருந்துவிட்டால் செடி கருகும். வயலுக்கும் தொட்டிக்கும் இது பொது. ஆனால் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையிலும் சமூகத் தோட்டத்துப் பாத்தியிலும் வளர்க்கிற நமக்கு அளவுதான் பெரிய சிக்கல். எக்டர் கணக்கில் எழுதிய பரிந்துரையை எடுத்து ஒரு கைத்தெளிப்பானில் ஊற்றி அடித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு கீழே எழுதியிருக்கிறோம்.

நான்கு வளர்ப்புப் பைகள், ஒவ்வொன்றும் 25 லிட்டர், ஒவ்வொன்றிலும் மூன்று செடி. கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றே: நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு 4 பங்கு, மட்கிய இலை உரம் 3 பங்கு, பெர்லைட் 2 பங்கு, பைக்கு 25 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள்). முதல் பையில் நுண்ணூட்டம் எதுவும் இல்லை. இரண்டாவதில் மாலிப்டினம் மட்டும். மூன்றாவதில் அதோடு துத்தநாகம். நான்காவதில் இவ்விரண்டோடு போரானும். ஒன்றும் போடாத பை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் செடி செழித்தது மருந்தாலா, அந்த வாரம் அடித்த வெயிலாலா என்று சொல்லவே முடியாது.

கோழி எருக் குருணையை வேண்டுமென்றே தவிர்த்தோம். இங்கே நாற்றுப் பண்ணைகளில் மலிவாகக் கிடைப்பது அதுதான், கீரைக்கு அருமையான உரமும்கூட. சோயாவுக்கு அதில் இரண்டு தொல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி வேர் முடிச்சு (காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத்தரும் பாக்டீரியா குடியிருக்கும் இடம்) போடச் சோம்பும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைப்பது குறையும். பலரும் துத்தநாகக் குறை என்று நினைத்து மேலும் மேலும் துத்தநாக சல்பேட் போடுகிறார்கள். மணிச்சத்தைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும்.

நாம் பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருக்கிறோம், ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சோயா குறும்பகல் செடி. குளிர்நாட்டு நீண்ட கோடைக்காக உருவாக்கிய ரகத்தை இங்கே விதைத்தால் முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிடும். எடமாமே (பச்சைக் காயாகப் பறித்துச் சாப்பிடும் சோயா) ரகங்களில் பெரும்பாலானவை பூத்தபின் உயரம் கூட்டாது. கணு குறைந்தால் காய் குறையும், அதை எந்த நுண்ணூட்டமும் ஈடுகட்டாது. தைவானிலிருந்து வரும் எடமாமே விதைகள் இங்கே ஓரளவு நன்றாக வருகின்றன. தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைச் சோயாவை விதைக்க வேண்டாம். முளைப்புத்திறனும் தெரியாது, ரகமும் தெரியாது.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. நடைபாதை விளக்கு இரவு முழுக்க எரியும். மங்கலான அந்த வெளிச்சத்தையே சில ரகங்கள் பகலாக எடுத்துக்கொண்டு பூக்காமல் இலையாகவே வளரும். “போரான் அடித்தும் பூக்கவில்லை” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்த விளக்குதான் இருக்கிறது. இருட்டும்போது ஒரு கறுப்புத் துணியை மறைப்பாகக் கட்டினால் போதும். பையை எங்கே வைத்தாலும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், அடித்தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது.

விதைப்பும் முடிச்சும்

சோயாவுக்கு உரிய பாக்டீரியா பிராடிரைசோபியம் ஜப்பானிகம். காராமணியில் முடிச்சு போடும் இனம் இதற்கு உதவாது. புதுக் கலவையில் அது அறவே இருக்காது என்பதால் விதையில் பூசித்தான் ஆகவேண்டும். இந்தப் பாக்டீரியா அடங்கிய உயிர் உரம் வெளியூரிலிருந்து வருவதென்றால் அனுமதி வேண்டுமா என்று தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பூசும் முறை தமிழ்நாட்டு முறைதான்: ஆறிய அரிசிக் கஞ்சியைக் கொஞ்சமாக விட்டு விதையைப் பிசறி, உயிர் உரத்தைத் தூவிப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே 3 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். விதையை ஊறவைக்கக்கூடாது. சோயா விதை தண்ணீரை வேகமாக இழுத்துப் பருப்பு வெடித்துப்போகும், பிறகு அழுகும்.

மாலிப்டினத்துக்கு வருவோம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் நடுவே இருப்பது இந்த உலோகம். பிரேசிலின் அமில மண்ணில் கோபால்ட்டையும் மாலிப்டினத்தையும் சேர்த்து விதைக்கோ இலைக்கோ கொடுப்பது வழக்கம். எக்டருக்குச் சில பத்து கிராம்தான் தேவை. அமில மண்ணில் மாலிப்டினம் கட்டுண்டு கிடக்கும், பி.எச். (அமில-கார அளவு) ஏற ஏற விடுபடும். மற்ற நுண்ணூட்டங்களில் பெரும்பாலானவை இதற்குத் தலைகீழ். சமூகத் தோட்டத்தில் நம் ஊர்ச் செம்மண்ணை அப்படியே பயன்படுத்துபவர்கள் முதலில் பி.எச். பாருங்கள். 5.5க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு போடுவதுதான் முதல் வேலை, மாலிப்டேட் அடுத்தது.

விதை நேர்த்தியில் மாலிப்டேட் உப்பையும் உயிர் உரத்தையும் ஒன்றாகப் போட்டால் உப்பு பாக்டீரியாவைக் கொல்லக்கூடும். ஒரு கைப்பிடி விதைக்கு மில்லிகிராம் கணக்கில் பூசுவதும் நடக்கிற காரியமில்லை. மூன்றாவது மூவிலை (மூன்று சிற்றிலை கொண்ட இலை) விரிந்ததும் இலைவழி கொடுப்பதே வீட்டுக்கு ஏற்றது. 1 கிராம் சோடியம் மாலிப்டேட்டை 100 மில்லி நீரில் கரைத்துப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, செடிக்கு 10 மில்லி வீதம் ஒரே முறை.

கொடுப்பதற்கு முன் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். விதைத்த நான்காம் வாரத்தில் கூடுதலாக முளைத்த ஒரு நாற்றை மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஆட்டி, ஆணிவேரின் மேல்பகுதியில் உள்ள முடிச்சைப் பிளேடால் இரண்டாக வெட்ட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, சற்றே ஈரமாக, புதுப் புண்ணின் நிறத்தில் இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பச்சை அல்லது பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லையென்றால் மாலிப்டினம் பெரும்பாலும் வீண். அந்தச் செடிக்கு யூரியாவோ வேறு தழைச்சத்தோ கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

எங்கள் பைகளில் இரண்டாவதற்கும் முதலாவதற்கும் வித்தியாசம் தெரிந்தது அடியிலைகளில். மாலிப்டினம் பெற்றவற்றில் கீழ் இலை கரும்பச்சையாக நின்றது, பெறாததில் மெல்ல வெளிறியது. பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டோம். பி.எச். 6.5 உள்ள கலவையில் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது.

அளவுக் கணக்கு

வயலில் எக்டருக்கு 500 லிட்டர் கரைசல் அடிக்கிறார்கள், 3 லட்சம் செடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செடிக்கு 2 மில்லிகூட வராது. வீட்டில் நாம் கைத்தெளிப்பானால் இலை சொட்டச்சொட்ட அடிக்கிறோம். அது சுலபமாக 10 மில்லி. அதாவது அதே செறிவில் அடித்தால் ஐந்தாறு மடங்கு மருந்து போகிறது. துத்தநாகம் என்றால் செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். போரானுக்குப் பொறுக்காது, ஏனென்றால் அதில் குறைவுக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகல்.

ஆகவே முதலில் உங்கள் தெளிப்பானை அளந்துகொள்ளுங்கள். அளவுக் குவளைக்குள் 20 முறை அழுத்தி, வந்ததை 20ஆல் வகுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு அழுத்தலுக்கு 1 மில்லியை ஒட்டி வரும். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசும் அவசியம். தேக்கரண்டிக் கணக்கு நுண்ணூட்டத்துக்கு ஆகாது.

துத்தநாகத்தை அடியுரமாகக் கொடுத்தோம். எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்பது பரவலான பரிந்துரை. மேல்மண் 20 செ.மீ. என்று எடுத்தால் எக்டருக்கு 20 லட்சம் லிட்டர் மண். 25 லிட்டர் பைக்கு 0.3 கிராம். இவ்வளவுதான்! ஒரு சிட்டிகைகூட இல்லை. அதை ஒரு லிட்டர் நீரில் கரைத்து விதைப்புக்கு முன் சீராக ஊற்றினோம். வாங்கும்போது உறையைப் பாருங்கள்: படிகமாக இருக்கும் ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 21%, தூளாக வரும் மோனோஹைட்ரேட்டில் 33%. பின்னது என்றால் 0.2 கிராம் போதும். பிற்பாடு குறை தெரிந்து இலைவழி கொடுப்பதானால் லிட்டருக்கு 1 கிராம். டி.ஏ.பி. (டைஅமோனியம் பாஸ்பேட்) போன்ற மணிச்சத்துக் கரைசலோடு கலக்கவேண்டாம், துத்தநாக பாஸ்பேட்டாக அடியில் படிந்துவிடும்.

போரானுக்குப் போரிக் அமிலம் (17% போரான்) எடுத்தோம். போராக்ஸ் கரைசலைக் காரமாக்கித் துத்தநாகத்தைத் திரியவைக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. லிட்டருக்கு 0.5 கிராம், வெந்நீரில் முதலில் கரைத்து, முதல் பூ மலர்ந்ததும் செடிக்கு 10 மில்லி. அவ்வளவே. வயல் செறிவான லிட்டருக்கு 2 கிராமை, தனியாக வைத்திருந்த ஒரு செடிக்குச் சொட்டச்சொட்ட அடித்தும் பார்த்தோம். சில நாளில் முதிர்ந்த இலைகளின் விளிம்பு மஞ்சளாகி, பிறகு தீய்ந்த காகிதம்போல் பழுப்பானது. நரம்புகளுக்கு நடுப்பகுதி பச்சையாகவே இருந்தது. இலை ஆவியாக விடும் நீரோடு போரான் விளிம்புக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவதால் வரும் அடையாளம் இது. குறைவு என்றால் தலைகீழ்: குருத்தும் பூவும்தான் முதலில் பாதிக்கப்படும்.

தெளிக்க ஏற்ற நேரம் காலை 7 முதல் எட்டரை. மாலையில் அடித்தால் இடிமழை கழுவிவிடுகிறது. நடுப்பகலில் அடித்தால் துளி காய்ந்து உப்பு இலையைச் சுடும். லிட்டருக்கு இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் கரைசல் உருளாமல் பரவும். பக்கத்து வீட்டுக் காலணித் தட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் இலை

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பா மாங்கனீசா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். நம் குழாய் நீர் பி.எச். 7க்கு மேல், வாரக்கணக்கில் ஊற்ற ஊற்றக் கலவையும் மேலே ஏறும், இரண்டுமே கட்டுப்பட்டுவிடும். சோயாவின் மூவிலையே இதற்கு நல்ல சோதனைக் கருவி. பாதி விரிந்த ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து, இடது சிற்றிலையில் இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மம், லிட்டருக்கு 1 கிராம்), வலது சிற்றிலையில் மாங்கனீசு சல்பேட் (லிட்டருக்கு 2 கிராம்) மெல்லிய தூரிகையால் தடவுங்கள். நடுச் சிற்றிலையை விட்டுவிடுங்கள். ஐந்தாறு நாளில் எந்தப் பக்கம் பச்சை திரும்புகிறதோ அதுதான் குறை. முதிர்ந்த இலையில் இது வேலை செய்யாது.

இரும்பு என்று தெரிந்தால் செலேட் வகையைப் பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். டி.டி.பி.ஏ. (DTPA) 7.5 வரை தாங்கும். செந்நிறத் தூளான இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) அதற்கு மேலும் தாங்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா, அயோவா சுண்ணாம்பு மண்களில் சோயாவுக்கு இதைத்தான் நம்புகிறார்கள். லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பைக்கு 250 மில்லி வேரில் ஊற்றினால் போதும். எங்கள் பைகளில் மாங்கனீசு தேவைப்படவில்லை, இரும்பு நான்கு பைகளுக்குமே ஒரே அளவில் தேவைப்பட்டது.

காய்ப்பு

சோயா இயல்பாகவே பூக்களில் பெரும்பகுதியை உதிர்க்கும். தரையில் பூ கிடப்பதைப் பார்த்துப் பதறிப் போரான் அடிக்க வேண்டாம். காய் பிடித்தபின் தட்டையாகவே நின்றால், போரானுக்கு முன் இரண்டைச் சந்தேகியுங்கள்: தண்ணீர்த் தட்டுப்பாடு, காயில் சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி. காயைப் பிளந்து விதைமேல் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளி இருந்தால் பூச்சிதான். விதை நிரம்பும் கட்டத்தில் 25 லிட்டர் பை வெயில் நாளில் காலை மாலை இருவேளையும் தண்ணீர் கேட்கும்.

எடமாமேயாகப் பறிக்க, காயின் உட்குழியை விதை நிறைத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் சில நாட்கள்தான் உண்டு. இங்கே அது விதைத்து எழுபது நாளை ஒட்டி வருகிறது. பறித்ததை மூன்றாகப் பிரித்து எடைபோட வேண்டும்: இரண்டு அல்லது மூன்று விதை உள்ளவை, ஒற்றை விதை, சொத்தை. மொத்தக் காய் எண்ணிக்கையில் நான்கு பைகளும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் உள்ளே இருந்தது. துத்தநாகம் பெற்ற இரண்டிலும் இலை அகலமும் விதைப் பருமனும் கூடுதல். போரானும் பெற்ற நான்காவதில் ஒற்றை விதைக் காய் தெளிவாகக் குறைவு. இந்தக் கலவைக்கு, இந்த ரகத்துக்கு, துத்தநாகம்தான் செலவழித்த காசுக்கு அதிகம் கொடுத்தது என்பது எங்கள் முடிவு. நெல் போன்ற தொடர் சாகுபடியில் இளைத்த வயலிலோ மத்தியப் பிரதேசத்துக் கரிசலிலோ முடிவு வேறாக இருக்கலாம், அங்கே மண் பரிசோதனை முதலில்.

அதே கலவையில் மறுபடி விதைப்பதாக இருந்தால் உயிர் உரம் திரும்பப் பூசத் தேவையில்லை, பழைய வேரைக் கலவையிலேயே விட்டுவிடுங்கள். துத்தநாகம் கழுவிப்போகாது, அடுத்த இரண்டு விதைப்புக்குப் போடவேண்டாம். போரான் மழையோடு இறங்கிவிடும், மாலிப்டினம் மிகச் சிறிதே தேவை. இவ்விரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாக, மேற்சொன்ன அளவிலேயே கொடுக்கலாம்.