தூண்டில் இல்லாமல் போன ஆறு

2021 அக்டோபரில் போர்ட்லாண்டிலிருந்து தெற்கே காரில் கிளம்பியபோது, ஆண்டுதோறும் வண்டியில் முதலில் ஏறும் தூண்டில் உறை வீட்டிலேயே இருந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓடும் வட உம்ப்குவா ஆற்றில் அந்த ஆகஸ்டிலேயே மீன்பிடிப்பை முற்றாக நிறுத்திவிட்டார்கள். நவம்பர் 30 வரை தடை. கோடையில் கடலிலிருந்து ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீன்கள் மிகக் குறைவாகவே வந்திருந்தன; ஆற்றில் நீரும் குறைந்து சூடேறியிருந்தது. மீன் பிடிக்க முடியாவிட்டாலும் ஆற்றைப் பார்க்காமல் அந்த ஆண்டைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டீல்ஹெட் தனி இனமன்று. ரெயின்போ ட்ரௌட் மீன்களில் கடலுக்குப் போய்த் திரும்பும் வகை. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில மீண்டும் கடலுக்குப் போய், இன்னொரு முறையும் தாய் ஆற்றுக்கு வரும். கோடையில் ஏறியவை முட்டையிடக் குளிர்காலம் பிறக்க வேண்டும். அத்தனை மாதங்களும் அவை ஏறக்குறைய எதுவும் உண்ணாமல், உடம்பில் சேர்த்த கொழுப்பை மட்டும் நம்பி, குளிர்ந்த மடுக்களில் அசையாமல் காத்திருக்கும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாளில் தூண்டிலில் சிக்கிப் போராடிய மீனை எவ்வளவு பதமாக விடுவித்தாலும் அது பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் இந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ரோஸ்பர்க்கைத் தாண்டி 138ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி, கிளைட் ஊரைக் கடந்ததும் மலைகள் கருத்துக் கிடந்தன. 2020 செப்டம்பரில் மூண்ட ஆர்ச்சி க்ரீக் தீ 1,30,000 ஏக்கருக்கு மேல் எரித்ததுடன், ராக் க்ரீக் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தையும் அழித்துவிட்டது. முன்பு வெயில் தரையைத் தொடாத ஓடைக்கரைகளில் இப்போது கரிக்கட்டைகளே நின்றன. நிழல் போன ஓடையின் வெப்பமும் ஆற்றில்தானே வந்து சேரும்?

ஸ்டீம்போட் ஓடை ஆற்றோடு கலக்குமிடத்தில், பாறைமேல் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கையில் தூண்டில் இல்லை. மடியில் சிறிய குறிப்பேடு ஒன்று இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக இங்கே மீன் பிடிப்பவர் என்றும், தடை வந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை வந்து எண்ணிவிட்டுப் போவதாகவும் சொன்னார். நீரின் பளபளப்பை மறைக்கும் தம் கண்ணாடியைக் கழற்றி எனக்குத் தந்தார். முதலில் கற்களே தெரிந்தன. பிறகு ஒரு கல் மெல்ல வாலசைத்தது. கருஞ்சாம்பல் முதுகு, பக்கவாட்டில் மங்கிய இளஞ்சிவப்புக் கோடு, வெண்மையாகத் திறந்து மூடும் வாய். நான்கு மீன்கள். அந்த மடுவில் ஒரு காலத்தில் எண்ணி முடிக்க முடியாது என்றார்.

ஸ்டீம்போட் ஓடையில் 1932 முதலே மீன்பிடிக்கத் தடை உண்டு. முட்டையிடும் இடத்தைத் தொடாமல் விட்டதால்தான் இந்த ஆற்றில் இன்னும் எண்ணுவதற்காவது மீன் மிஞ்சியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் தூண்டில்காரர்களை மட்டும் விலக்கி வைத்தால் நீர் குளிர்ந்துவிடாது. கீழே 1890இல் கட்டிய வின்செஸ்டர் அணை, மின்சாரமோ பாசனமோ தராமல், கடலிலிருந்து வரும் ஒவ்வொரு மீனையும் மீன் ஏணியில், அதாவது அணையைத் தாண்டப் படிப்படியாக அமைத்த நீர்வழியில், ஏற வைத்துக்கொண்டு இன்னும் குறுக்கே நிற்கிறது. எரிந்த கரைகளில் மீண்டும் நிழல் விழப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆற்றை அதிகம் நேசிப்பவர்கள் ஒதுங்கி நின்றாயிற்று. அணையையும் கரைகளையும் கவனிக்க வேண்டியவர்கள் ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாலையில் தூறல் தொடங்கியது. மடுவின் மேல்விளிம்பில் நீர் சட்டென்று விலகியது; ஒரு மீன் முதுகு வெளியே தெரிய ஆழமற்ற சரளைக் கற்களைக் கடந்து ஓடைக்குள் ஏறிப் போயிற்று. முதியவர் குறிப்பேட்டில் நான்கை அடித்துவிட்டு, "கீழே மூன்று, மேலே ஒன்று" என்று எழுதினார்.