அம்மம்மாவின் போனும் பேரனின் ஈமெயிலும்

திருகோணமலையில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். உடைந்த கண்ணாடி, ஊதிப்போன பற்றரி, கடற்காற்றில் துருவேறிய சார்ஜ் துவாரம், இவற்றையெல்லாம் எப்படியாவது திருத்திவிடலாம். மனதை அதிகம் வாட்டுவது லொக் விழுந்த போன்கள்தான். அவற்றைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பதில்லை. மகனோ மருமகளோ பேத்தியோ வந்து, "அம்மாட போன், ஒருக்கா திறந்து தாங்க அண்ணா" என்பார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். போனை வாங்கி அனுப்பியவர் கத்தாரில் இருக்கும் மகன். அதை முதன்முதல் போட்டுக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பையன். ஒரு புது ஈமெயிலும் ஒரு பின் நம்பரும் அவனே வைத்துவிட்டான். உம்மா தினமும் விரலை வைத்துத் திறந்து மகனோடு பேசி வந்தார். ஒருநாள் சார்ஜ் இறங்கி போன் நின்றுவிட்டது. மறுபடி போட்டதும் விரலை ஏற்காமல் நம்பரைக் கேட்டது. நின்று மீண்டும் இயங்கும் போன் முதலில் நம்பரைத்தான் கேட்கும். அதன் பிறகுதான் விரல் வேலை செய்யும். உம்மாவோ அந்த நம்பரை ஒருநாளும் அழுத்தியதே இல்லை.

"ரீசெட் அடிச்சா சரிதானே?" என்றாள் மகள். லொக் போகும், கூடவே உள்ளே இருக்கும் எல்லாமும் போகும். இப்போதைய போன்கள் படங்களையும் குரல்பதிவுகளையும் குறியாக்கம் செய்துதான் சேமிக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி ரீசெட்டோடு அழிந்துவிடும். அதோடும் முடிவதில்லை. 2015 இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், இப்படி ரீசெட் செய்த போன் முன்பிருந்த கூகுள் கணக்கை, அதாவது அதில் போட்டிருந்த ஈமெயிலையும் பாஸ்வேர்டையும், கேட்டு நிற்கும். ஐபோனில் இதுபோன்ற ஏற்பாடு 2013 இலேயே வந்துவிட்டது. களவெடுத்தவனுக்குப் போன் பயன்படக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல வேலை இது. ஆனால் கணக்கு இன்னொருவர் கையில் இருந்தால், சொந்தக்காரரே வெளியில் நிற்கவேண்டியதுதான்.

உம்மா ரீசெட் வேண்டாம் என்றுவிட்டார். காலமான கணவரின் குரல் அதில் இருந்தது. நல்ல காலம், அந்தப் பையனைத் தொலைபேசியில் பிடித்தோம், நம்பர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. உம்மாவையே அதை அழுத்த வைத்தேன். அப்புறம் அவருக்குப் பிடித்த வேறொரு நம்பரை அவரே தெரிந்து மாற்றினார். ஈமெயிலின் பாஸ்வேர்டையும் அவரே மாற்றி, பாஸ்வேர்ட் மறந்தால் மீட்டெடுக்க அவருடைய போன் நம்பரையும் மகளுடையதையும் சேர்த்துக்கொண்டார். வேலை முடிய வெகுநேரம் எடுத்தது. ரீசெட் என்றால் சில நிமிடங்கள்தான்.

உதவி செய்கிற பிள்ளைகள் அவசரப்படுவது இங்கேதான். "அம்மாவுக்கு விளங்காது" என்று தங்கள் ஈமெயிலைப் போட்டுவிடுவார்கள். தங்கள் விரலையும் பதிந்து வைப்பார்கள். போனில் பதிந்த எந்த விரலுக்கும் வங்கிச் செயலியும் திறக்கக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நம்பர் மறக்காமலிருக்கப் பிறந்த ஆண்டை வைப்பது இன்னொரு பழக்கம். நமது 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே பிறந்த ஆண்டுதான். அட்டையும் போனும் ஒரே பேக்கில் கிடக்கும்.

வலை இழுத்து ரேகை தேய்ந்த கைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு விரலை நம்பச் சொல்ல மாட்டேன். நம்பரைத் தினமும் அழுத்தச் சொல்வேன், கை தானாகப் பழகிவிடும். எழுதி வைப்பதானால் வீட்டு அலுமாரிக்குள் வைக்கட்டும், போன் கவருக்குள் வேண்டாம்.

சொந்தக்காரர் நேரில் வராமல் லொக்கைத் தொடமாட்டேன். மனைவியின் போனைக் கணவன் கொண்டு வந்தாலும், பிள்ளையின் போனைத் தகப்பன் கொண்டு வந்தாலும் அப்படித்தான். "குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்று கோபிப்பவர்கள் உண்டு. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ரெண்டு பேரும் இருக்கும்போது பார்ப்போம் என்பேன். சிலர் கூட்டி வருவார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.