புகையிலைக் காட்டில் சீனிக்கிழங்கு

அக்கா இருப்பது டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். நயாகரா, சி.என். டவர் என்று கனடாவுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒருநாள், "ஏட்டி, நம்மூர்க் கெழங்கு வெளையுற எடத்தப் பாக்கியா?" என்றாள். செப்டம்பர் கடைசி. காலையில் வாசலில் நின்று பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது. இந்தக் குளிரில் சர்க்கரைவள்ளியா என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சீனிக்கிழங்கு என்போம். பொங்கல்படியில் சிறுகிழங்கு, சேனை, பனங்கிழங்கோடு அதுவும் கட்டாயம் இருக்கும்.

ஈரி ஏரிக்கு வடகரையில் இருக்கிறது நார்ஃபோக் மாவட்டம். அத்தான்தான் கார் ஓட்டினார். சிம்கோ ஊரைத் தாண்டியதும் வழி நெடுக, வயலோரத்தில் ஜன்னலில்லாத உயரமான மரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் சாய்ந்து கிடக்கின்றன. புகையிலை பதப்படுத்திய சூளைகளாம். 1920-களிலிருந்து இது புகையிலைச் சீமை. பெல்ஜியத்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறி அதில்தான் பிழைத்தார்கள். சிகரெட் வியாபாரம் படுத்ததும் 2008-இல் அரசே ஏறக்குறைய 30 கோடி டாலர் ஒதுக்கி, விரும்பியவர்களைப் புகையிலையை விட்டு வெளியே வரச் செய்தது. எல்லோரும் விட்டுவிடவில்லை. விட்டவர்கள் ஜின்செங் என்கிற மருந்து வேர், அஸ்பாரகஸ் என்கிற தண்ணீர்விட்டான் தளிர், சீனிக்கிழங்கு என்று ஆளுக்கொன்றாகப் பிரிந்தார்கள்.

நாங்கள் போன பண்ணைக்காரரும் அப்படி மாறியவர். தாத்தா காலத்துப் புகையிலை நிலம். மண்ணைக் கையில் அள்ளிக் கொடுத்தார், தேரி மணல் மாதிரி விரலிடுக்கில் ஒழுகியது. மணல் சீக்கிரம் சூடேறும், தண்ணீர் நிற்காது. புகையிலைக்கு இது பிடித்த காரணமும் கிழங்குக்குப் பிடித்த காரணமும் ஒன்றேதான். புகையிலை நாற்று நட்ட எந்திரத்தையே கொஞ்சம் மாற்றிக் கிழங்குக் கொடி நடுகிறார்.

உறைபனி விழாத நாள்கள் இங்கே குறைவு. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் நட முடியும். அக்டோபர் பிறந்தால் எந்த இரவும் உறைபனி இறங்கலாம், அப்போது கொடி ஒரே இரவில் கறுத்துப்போகும். இடையில் கிடைக்கிற நான்கு மாதத்துக்குள் கிழங்கு பருக்க வேண்டும். நம்மூரில் கொடியை வெட்டி அடுத்த வயலில் ஊன்றிவிடுவோம். இங்கே குளிர்காலத்தில் கொடி பிழைக்காது என்பதால், நாற்றுக்கொடி பெரும்பாலும் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து லாரியில் வருகிறது. இவர் நடுவது கோவிங்டன், அந்த மாநிலப் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட ரகம். நயாகரா பக்கம் வைன்லேண்டில் உள்ள ஆராய்ச்சி நிலையம் கனடாவின் குட்டையான கோடைக்கென்றே ரேடியன்ஸ் என்று ஒரு ரகம் கொண்டுவந்திருக்கிறது, அதையும் சொன்னார். வீட்டுத் தோட்டத்தில் போடுகிறவர்கள் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

அன்று அறுவடை. கொடியை முதல்நாளே எந்திரம் நறுக்கித் தள்ளியிருந்தது. டிராக்டர் மண்ணைக் கிளறிக்கொண்டே முன்னால் போக, பின்னால் ஆட்கள் குனிந்து கையாலேயே பொறுக்கினார்கள். எல்லோர் கையிலும் துணி உறை. தோண்டிய சூட்டில் தோல் அவ்வளவு மெல்லிசு, நகம் பட்டாலே உரிகிறது. பொறுக்கியவர்கள் ஜமைக்காக்காரர்கள். 1966-இலிருந்து நடக்கிற பருவத் தொழிலாளர் திட்டத்தில் வந்து, சீசன் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். கனடாவின் உள்ளூர் விளைச்சல் என்று கடையில் எழுதிப் போடுகிறார்களே, அதில் கொடி கரோலினா, கை ஜமைக்கா.

அவர்களில் ஒரு பெரியவரிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். அவர் ஊரில் கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால், இஞ்சி, ஜாதிக்காய், நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் புட்டிங் செய்வார்களாம். கனத்த இரும்புச் சட்டிக்கு அடியிலும் கங்கு, மூடிமேலும் கங்கு. "மேலே நரகம், கீழே நரகம், நடுவிலே அல்லேலூயா" என்று அதற்கு ஒரு சொலவடை. ஆனால் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் இந்தக் கிழங்கு அதற்கு லாயக்கில்லை, ஈரம் அதிகம், மாவுள்ள வெள்ளைக் கிழங்குதான் வேண்டும் என்று உதட்டைப் பிதுக்கினார். அக்காவுக்கு ஏக சந்தோஷம். இத்தனை வருஷமாக அத்தானிடம் அவள் சொல்லிவருவதும் அதுதானே.

தோண்டியதில் ஒன்றை அங்கேயே வேகவைத்துத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். பண்ணைக்காரர் சிரித்தார். இன்றைக்குச் சாப்பிட்டால் சப்பென்று இருக்குமாம். ஒரு கொட்டகையைத் திறந்து காட்டினார். குப்பென்று முகத்தில் அடித்தது மதுரைச் சித்திரை வெயில், ஆனால் புழுக்கத்தோடு. 30 டிகிரி, ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம். இதற்குள் கிழங்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். காயங்கள் ஆறித் தோல் கெட்டிப்படும், மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். பிறகு 13 முதல் 15 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர் அதற்குக் கீழே போனால் கிழங்குக்கு ஆகாது, ஃப்ரிட்ஜில் வைத்ததை வேகவைத்தால் நடுவில் கட்டையாகவே நிற்கும். வெயில் நாட்டுப் பயிருக்கு அறுத்த பிறகும் வெயில் தேவைப்படுகிறது.

மதியம் அவர் மனைவி, போன வாரம் பதப்படுத்தியதைச் சமைத்துக் காட்டினார். சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. முழுக்கிழங்கைத் தோலோடு ஓவனில் வைத்து, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே விட்டார். சூடு மெல்ல ஏறும்போதுதான் கிழங்கில் உள்ள நொதி மாவை மால்டோஸ் சர்க்கரையாக்கும். சூடு 80 டிகிரியை நெருங்கினால் அது செத்துவிடும். மைக்ரோவேவில் ஐந்து நிமிஷத்தில் வேகவைத்தது இனிக்காததற்கு இதுதான் காரணம். ஆச்சி அடுப்புச் சாம்பலில் புதைத்து மறந்துவிடுகிற கிழங்கு அப்படி இனித்ததற்கும். தோலில் பாகு வடிந்து கருகியிருந்தது. உப்பும் வெண்ணெயும் மட்டும் தொட்டுச் சாப்பிட்டோம். அக்டோபரில் வரும் நன்றி நவிலல் விருந்துக்கு மேலே மார்ஷ்மெல்லோ அடுக்குகிறவர்களும் உண்டாம். அந்தக் கிழங்குக்கு அது அநியாயம்.

வெட்டிப்போட்ட கொடியில் நுனித்தளிரை மட்டும் அக்கா ஒரு பை நிறையக் கிள்ளிக்கொண்டாள். வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுத் துவட்டல் செய்தோம், முருங்கைக்கீரை கிடைக்காத ஊரில் அது பெரிய விஷயம். கிழங்கைப் புளிக்குழம்பில் போட்டால் கரைந்துபோகிறது. தோலோடு வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், சோம்பு சேர்த்துத் தோசைக்கல்லில் வறுத்தால் நன்றாக இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரைக்கும் நல்ல சமயம். கார் இல்லாமல் முடியாது. கோணல்மாணலான இரண்டாம் தரக் கிழங்கைப் பெட்டியாகக் கேளுங்கள், ருசியில் வித்தியாசமில்லை. திரும்பும்போது போர்ட் டோவருக்குப் போகலாம். கடற்கரை மாதிரி இருக்கும் ஏரிக்கரை ஊர், அங்கே பொரித்த பெர்ச் மீன் கிடைக்கும். சனி, ஞாயிறு என்றால் வரிசை நீளம்.