கோலாலம்பூர் வெயிலில் ரை புல் தூவிப் பார்த்தேன்

செந்தூல் வீட்டு முன்னால் இருக்கிற துண்டுத் தரையில் இருப்பது கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல்தான். ஆண்டு முழுக்கப் பச்சை, அதனால் இங்கே குளிர்காலப் புல் தூவ எந்த அவசியமும் கிடையாது. அமெரிக்காவின் தென்பகுதியில் குளிர் வந்ததும் அருகம்புல் தரை பழுத்து உறங்கிவிடும், அதை மறைக்கத்தான் இலையுதிர்காலத்தில் மேலே ரை புல் என்ற குளிர்நாட்டுப் புல் விதையைத் தூவுகிறார்கள். மாஸ்டர்ஸ் கோல்ஃப் நடக்கும் அகஸ்டாவில் ஏப்ரல் மாதம் டிவியில் பளபளக்கும் பச்சையில் பெரும்பங்கு இந்த ரை புல்தான். நம்ம ஊரில் இரவில்கூட 23 டிகிரிக்கு வெகு கீழே போவது அபூர்வம். ரை புல் இங்கே சாகும் என்று தெரியும், எப்படிச் சாகும் என்று பார்க்கத்தான் ஆசை. "என்னங்க, நாலு கீரை விதையைத் தூவினா குழம்புக்காவது ஆகும்" என்றார் மனைவி. நியாயம்தான்.

மதில் ஓரம் நிழல் விழும் இடத்தில் புல்லை ஒட்ட வெட்டி, சருகை வாரி எடுத்தேன். இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் விதை சருகின் மேலேயே உட்கார்ந்து காய்ந்துவிடும், மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். சதுர மீட்டருக்கு 40 கிராம் விதை, மேலே மெல்லிசாக மணல், அதற்கும் மேலே வலை. வலை மைனாவுக்காக மட்டுமல்ல, சாயங்கால மழை விதையை அப்படியே லோங்கானுக்கு, அதாவது வீட்டோரச் சாக்கடைக்கு, அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வாரத்துக்குள் முளைத்தது. அடடா, என்ன பச்சை! கவ் கிராஸின் அகல இலைக்குப் பக்கத்தில் பட்டு மாதிரி மெல்லிசு.

அப்புறம் தொடர்ந்து மழை, புழுக்கம். ஒரு காலையில் பார்த்தால் இலைகள் பிசுபிசுவென்று கருத்துப் படிந்து கிடந்தன, மேலே வெள்ளை நூல். பித்தியம் என்ற நோயின் அடையாளம் இது. சூடான, ஈரமான இரவு என்றால் அதற்குக் கொண்டாட்டம், நெருக்கமாக முளைத்த இளம்புல் என்றால் இன்னும் வேகமாகப் பரவும். மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தினேன், ஆனால் மழையை யார் நிறுத்துவது? நோய்க்குத் தப்பிய மிச்சப் புல்லும் வெயிலில் மெலிந்து போனது. இந்த வகைப் புல்லுக்கு 15 முதல் 24 டிகிரிதான் சுகம், அதற்கு மேலே சூடு ஏற ஏற, வெயிலில் சமைத்த சர்க்கரையை இரவில் மூச்சு விட்டே தீர்த்துவிடுகிறது.

காலியான இடத்தில் கவ் கிராஸ் கொடியை வெட்டி ஊன்றியாயிற்று, அது பாட்டுக்குப் படர்கிறது. மீதி விதைப் பொட்டலம் கேமரன் மலையில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போகிறது. அங்கே இரவில் போர்வை வேண்டும், பிழைக்கலாம்.