ஏ.என்.ஏ டெஸ்ட்: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் ரத்தம் மதுரை போய்ச் சேரும் வரை

ஏ.என்.ஏ என்பது உடல் தன் செல்லின் நியூக்ளியஸையே (கருவையே) எதிர்த்து உண்டாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். இந்த ஆன்டிபாடி டெஸ்டில் பாதிக் கோளாறு லேபில் இல்லை, வழியில்தான். சிவப்பு மூடி டியூபில் எடுத்த ரத்தம் உறைய 30 நிமிடம் விட வேண்டும்; பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம். மேலே தெளியும் நீரை, அதாவது சீரத்தை, பிரிக்காமல் அப்படியே பஸ்ஸில் ஏற்றினால் குலுங்கிக் குலுங்கிச் சிவப்பணு உடைந்து, வெளிர்மஞ்சளாக நிற்க வேண்டியது ரோஸ் கலராகிவிடும். பிரித்த சீரம் 2–8 டிகிரியில் சில நாள் தாங்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்து உருகி மறுபடி உறைந்தால்தான் ஆன்டிபாடிக்குக் கேடு.

லேபில் சீரத்தை 80 மடங்கு (1:80) நீர்த்து, ஹெப்-2 என்ற, லேபில் வளர்த்த மனித செல் படிந்த ஸ்லைடில் ஒரு சொட்டு, 30 நிமிடம். கழுவிவிட்டு, சீரத்து ஆன்டிபாடி மேல் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடி, இன்னொரு 30 நிமிடம், இருட்டில். கழுவும்போது அவசரப்பட்டால் ஸ்லைடு முழுக்கப் பச்சைப் புகை. நியூக்ளியஸ் எது என்றே தெரியாது. சொட்டு காய்ந்தாலும் அதே கதிதான். ஈரத்துணி போட்ட மூடிய டப்பா போதும், விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

1:80 பாசிட்டிவ் என்றதும் லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) என்று அலற வேண்டியதில்லை. ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அப்படி வரும்; 1:160-இல் சுமார் 5 பேருக்கு.

நெகட்டிவ்தான் சிலசமயம் ஏமாற்றும். நாளெல்லாம் வெயிலில் கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கு முகம் சிவந்து தடித்தால் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடியைத் தனியாக எழுதிக் கேளுங்கள். இந்த ஸ்லைடில் அது தப்பிவிடலாம். கர்ப்பிணி என்றால் தள்ளிப்போடவே கூடாது: அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிச் சிசுவின் இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடியது, பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள்.