பொங்கலுக்கு ஒரு கைவினை வாழ்த்து மடல்

தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவிலுள்ள உறவுகளுக்கு அனுப்பும் வாழ்த்து மடல்களை நான் கையாலேயே செய்கிறேன். அதற்குச் சதுர மீற்றருக்கு 300 கிறாம் நிறையுள்ள அட்டையே ஏற்றது. மெல்லிய தாள் மை பட்டதும் நெளிந்துவிடும். சூரிய வடிவம் வெட்டியெடுக்கப்பட்ட தகடான ஸ்ரென்சிலை நகராதபடி ஒட்டுநாடாவால் பொருத்தி, தூரிகையில் எடுத்த மையின் மிகுதியை வேறொரு தாளில் துடைத்தபின், விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தேய்த்தால், மஞ்சள் மெல்லச் செம்மஞ்சளாக மாறி, சூரியன் தெளிவான விளிம்போடு எழும். அதன்கீழ்ப் பொங்கற்பானை உருவத்தைப் பதிக்கும் மை முத்திரையை அசைக்காமல் நேராக அழுத்தி, நேராகவே எடுக்கவேண்டும். நான் பயன்படுத்தும் நிறமி மை (நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த மை) மெதுவாகவே உலரும். மார்கழியின் ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும் என்பதால், இரவு முழுவதும் உலரவிடுவேன். இலை வடிவக் கூர்விளிம்புள்ள வெட்டு அச்சைத் தாளின்மேல் வைத்து, உருளை இயந்திரத்தினூடாகச் செலுத்திக் கரும்பிலைகளை வெட்டுவது விரைவான வேலை. அவற்றின் நடுநரம்பை மட்டும் ஒட்டி, ஓரங்களைச் சற்று மேலே வளைத்துவிடுவேன். உறை தடித்தாலும் தட்டையாக ஒட்ட மனம் வருவதில்லை.