கண்ல கெமிக்கல் பர்ன்: வைவால இந்தக் கேள்வி வந்தா எங்கேருந்து ஆரம்பிக்கணும்

கண் மருத்துவம் பிஜி (மேற்படிப்பு) பிராக்டிகலுக்கும் வைவாவுக்கும் (எக்ஸாமினர் நேர்ல கேள்வி கேக்குற வாய்மொழித் தேர்வு) உக்காரப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். நான் எம்.எஸ். முடிச்சாச்சு, ஆனா இந்த ஒரு டாபிக்ல தடுமாறி நின்னது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

எனக்கு ஷார்ட் கேஸா (பரீட்சையில கொஞ்ச நேரத்துல பாத்துச் சொல்ல வேண்டிய நோயாளி) வந்தது ஒரு பழைய கெமிக்கல் இஞ்சுரி. கருவிழி முழுக்க ரத்தக்குழாய் ஏறி, கீழ் இமை கண்ணோட ஒட்டிப்போன கேஸ். முந்தின நாள் ராத்திரி பூரா அம்னியாட்டிக் மெம்பிரேன் (பனிக்குடத்தோட உள் சவ்வு), ஸ்டெம் செல் (கருவிழியோட மேல் தோலைப் புதுப்பிக்கிற மூல செல்)னு படிச்சிருந்தேன், அதனால மேனேஜ்மெண்ட் என்னன்னு கேட்டதும் நேரா அங்கேயே போயிட்டேன். எக்ஸாமினர் நிறுத்தி, "இவரு அன்னிக்கு கண்ணைப் பொத்திக்கிட்டு காஷுவால்டிக்கு வர்றாரும்மா, முதல்ல என்ன பண்ணுவ?"ன்னார். கழுவுவேன் சார்னேன். எதை வச்சு, எப்ப நிறுத்துவேன்னார். அங்கதான் வாய் அடைச்சுப் போச்சு.

பதில் ரொம்ப சிம்பிள். சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ கையில இருந்தா அது, இல்லன்னா குழாய்த் தண்ணி, தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. லிட்மஸ் பேப்பர்ல பிஹெச் (அமில-கார அளவு) 7 பக்கம் வர்ற வரைக்கும் ஊத்தணும், நிறுத்தி 5-10 நிமிஷம் கழிச்சு மறுபடி வச்சுப் பாக்கணும், ஏன்னா உள்ள துகள் ஒளிஞ்சிருந்தா பிஹெச் திரும்ப ஏறிடும். ஆசிட் பெரும்பாலும் புரோட்டீனை உறைய வச்சு தானே ஒரு தடுப்பு போட்டுக்கும், காரம் அப்படியில்ல, செல்லோட கொழுப்பை சோப்பாக்கிட்டு உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

இது எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது பரீட்சைக்கு அப்புறம் ஒரு நைட் டியூட்டியில. நாலு வயசுப் பையன், பாட்டி சுருக்குப் பையில இருந்த சுண்ணாம்பு (இதுவும் காரம்தான்) பாக்கெட்டை எடுத்து அமுக்கியிருக்கான், வெடிச்சு நேரா கண்ல. வெளியில பாத்தா எல்லாம் கழுவின மாதிரிதான் தெரிஞ்சுது, மேல் இமைய ரெண்டு மடிப்பா புரட்டினப்பதான் உள் மூலையில அரிசிக் குருணை மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. பட்ஸ்ல இ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற கரைசல்) தொட்டு ஒவ்வொண்ணா எடுத்தோம். இமைய இப்படி ரெண்டு மடிப்பா புரட்டுறதுக்குப் பேர்தான் டபுள் எவர்ஷன், அந்த வார்த்தைய வைவால நீங்களா சொல்லிடுங்க, அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க.

காயம் எவ்வளவு தீவிரம்னு சொல்ற கிரேடிங் ரெண்டும் தெரியணும். ரோப்பர் ஹால் வகைப்பாட்டுல லிம்பஸ் (கருவிழியும் வெள்ளை விழியும் சேர்ற விளிம்பு, ஸ்டெம் செல் இருக்கிற இடம்) பாதிக்கு மேல வெளுத்துப்போனா எல்லாமே கிரேடு 4 தான், 2001ல வந்த துவா வகைப்பாடு அதையே லிம்பஸ் வட்டத்தைக் கடிகார முகமா நினைச்சு மணிக்கணக்குல பிரிச்சு 6 வரைக்கும் கொண்டு போகுது. ஏன் பிரிக்கணும்னா, 7 மணி அளவு போன கண்ணும் 12 மணியும் போன கண்ணும் ஒரே மாதிரி ஆறாது. ஸ்டீராய்டு, விட்டமின் சி, டாக்சிசைக்ளின் எல்லாம் எந்த புக்லயும் இருக்கு, படிச்சுக்குங்க.

இப்ப பயோமெட்டீரியல்ஸ், அதாவது கண்ணைச் சரிபண்ண வைக்கிற சவ்வு, திசு மாதிரி பொருட்கள். எந்த ஸ்டேஜ்ல எது என்ன வேலை செய்யுதுன்னு படிங்க, பேர் லிஸ்டா படிச்சா என்னை மாதிரி மாட்டிக்குவீங்க. அம்னியாட்டிக் மெம்பிரேன் அழற்சிய அடக்கும், எபிதீலியம் (கருவிழியோட மேல் தோல்) ஊர்ந்து வர ஒரு தரை கொடுக்கும், ஸ்டெம் செல் கொடுக்காது. இது பலரும் தப்பா சொல்ற இடம். அக்யூட் பர்ன்ல (புதுசா பட்ட காயத்துல) அதோட பலன் உறுதியா நிரூபணம் ஆகலைன்னு 2012ல காக்ரேன் ரிவியூ (ஆய்வுகளைத் தொகுத்து அலசுற அறிக்கை) சொல்லிச்சு, அதையும் சேத்துச் சொன்னா எக்ஸாமினர் நிமிர்ந்து பாப்பார். மெம்பிரேனை வைக்கும்போது எது எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிப்பன்னு நிச்சயம் கேப்பாங்க: காஞ்ச ஸ்பாஞ்சால தொட்டா ஸ்ட்ரோமா (சவ்வோட அடித் திசு) பக்கம் பிசுபிசுன்னு நூல் மாதிரி இழுத்துக்கிட்டு வரும், மறுபக்கம் வராது. தியேட்டர்ல ஒரு தடவை நீங்களே தொட்டுப் பாருங்க, அப்புறம் மறக்கவே மறக்காது.

ஒரு கண்ல மட்டும் ஸ்டெம் செல் போயிருந்தா, அழற்சி நல்லா அடங்கினப்புறம் ஸ்லெட், அதாவது நல்ல கண்ணோட ஸ்டெம் செல்லை மாத்தி வைக்கிற எளிய ஆபரேஷன். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியில விரேந்தர் சங்வான் டீம் 2012ல வெளியிட்டது. நல்ல கண்லேருந்து 2க்கு 2 மில்லிமீட்டர் லிம்பஸ் துண்டு எடுத்து, பொடிப்பொடியா நறுக்கி, மெம்பிரேன் மேல ஃபைப்ரின் க்ளூ வச்சு ஒட்டுறது. லேப்ல செல் வளக்க வேண்டியதில்ல, அதனால செலவு குறைவு, நம்ம ஊர் நோயாளிங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஓ.பி.யில உக்காந்தாதான் தெரியும்.

ரெண்டு கண்ணும் போய், கண்ல ஈரமே இல்லன்னா? அதுக்குத்தான் பல். இத்தாலியில ஸ்ட்ராம்பெல்லி 1963ல ஆரம்பிச்சு வச்ச ஆபரேஷன், சென்னை சங்கர நேத்ராலயாவுல பண்றாங்க. நோயாளியோட சொந்தக் கோரைப்பல்லை எலும்போட எடுத்து சீவி, நடுவுல துளை போட்டு அக்ரிலிக் லென்ஸ் பொருத்தி, திசு மூடி வளர சில மாசம் தோலுக்கடியில வச்சு அப்புறம் கண்ல வைப்பாங்க. பல் ஏன்னு கேட்டா, அவரோட சொந்த உறுப்புங்கிறதால உடம்பு தள்ளாது, காஞ்ச கண்லயும் அந்த லென்ஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்னு சொல்லுங்க. பல்லும் லென்ஸும் சேர்ந்த அந்த அமைப்போட படத்தை ரெண்டு தடவையாவது கையால வரைஞ்சு பாருங்க, வைவால பேப்பரைத் தள்ளி வரைன்னும் சொல்லுவாங்க.